பத்தியமா, பட்டினியா?

குருமடத்தில் ஒழுக்க இறையியல் படித்த நாட்களில் அறியாமையைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அறியாமை இரண்டு வகைப்படும். ஒன்று, எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாதது. மற்றது, சற்று விசாரித்தால், உரியவரிடம் ஒரு கேள்வி கேட்டால் நீங்கிவிடக்கூடியது. முன்னதால் விளையும் தீங்குக்கு மனிதன் பொறுப்பாளியல்லன். பின்னதால் விளையும் தீங்குக்கு, அவன் கேளாமல் விட்ட அளவுக்குப் பொறுப்பாளி. இதை விளக்க எங்கள் பேராசிரியர் எப்பொழுதும் ஒரு வேட்டைக்காரனின் கதையைச் சொல்வார். புதருக்குள் அசைவது மானா மனிதனா என்று பாராமல் சுட்டவனின் கதை. கொழும்பில் வளர்ந்த எங்களில் பலர் புதரையும் கண்டதில்லை, மானையும் கண்டதில்லை. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோனோம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையில் அந்தப் பாடம் எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது.

அந்த வீட்டில் இருபத்திரண்டு வயதில் ஒரு மகள். வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. இரண்டு ஆண்டுகளாக வயிற்றுநோ, வயிற்றோட்டம், விட்டுவிட்டுக் காய்ச்சல், மெலிவு. முதலில் பூச்சி என்றார்கள். பிறகு குடலில் காசநோயோ என்று பார்த்தார்கள். நம் நாட்டில் அப்படிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கடைசியில் குழாய் விட்டுச் சோதித்து, இது குரோன்ஸ் நோய் என்று டொக்டர் சொன்னார். நான் போயிருந்தது ஒரு மதிய வேளை. மேசையில் சோறு, மீன்குழம்பு, பருப்பு, கீரை எல்லாம் இருந்தன. அவளுக்கு மட்டும் தனியே ஒரு கிண்ணத்தில் கஞ்சித்தண்ணீர். பக்கத்தில் இரண்டு ரஸ்க்.

“வேறொண்டும் குடுக்கேலாது சுவாமி, எல்லாம் பத்தியம்” என்றார் தாய்.

யார் சொன்ன பத்தியம் என்று கேட்டேன். உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். மிளகாயைத் தாய் நிறுத்தினார். பாலை நிறுத்தச் சொன்னவர் வெள்ளவத்தையில் இருக்கும் பெரியம்மா. முட்டை சூடு என்றவர் பக்கத்து வீட்டு அக்கா. மீன் கிரந்தி என்று தள்ளியவர் ஒரு நாட்டு வைத்தியர். பருப்பு வாய்வு, வாழைப்பழம் குளிர். இவை யார் சொன்னவை என்று வீட்டில் எவருக்கும் நினைவில்லை. கீரையும் நாருள்ள மரக்கறியும் மட்டும் டொக்டர் சொன்னவை. குடலில் ஓரிடம் ஒடுங்கியிருந்ததால், அங்கே நார் அடைத்துக்கொள்ளாதிருக்கச் சில கிழமைகளுக்கு என்று அவர் சொல்லியிருந்தார். இத்தனை பேரில் அந்தப் பிள்ளைமீது அன்பில்லாதவர் ஒருவரும் இல்லை. ஆளுக்கு ஒன்றாக அவளுடைய கோப்பையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கணக்கில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. தவக்காலத்தின் தொடக்கத்தில் ஆலய வாசலில் அவள் என்னிடம், “சுவாமி, எனக்குச் சுகமில்லை, ஒருசந்தி பிடிக்கலாமோ?” என்று கேட்டிருக்கிறாள். “ஏலுமானதைச் செய், பிள்ளை” என்று சொல்லிவிட்டு நான் அடுத்தவரிடம் பேசப் போய்விட்டேன். என்ன சுகவீனம் என்று கேட்கவில்லை. சுவாமி தடுக்கவில்லை என்பதால் அவள் நாற்பது நாளும் இராச்சாப்பாட்டை விட்டிருக்கிறாள். இதைத் தாய் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன் பின்னர் இந்த நோயைப் பற்றி அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கு எழுதுகிறேன். வைத்தியம் சொல்வது என் நோக்கமல்ல. அது என் தொழிலுமல்ல.

குடல் அழற்சி நோய் என்று பொதுப்பெயரால் சொல்லப்படுவது முக்கியமாக இரண்டு நோய்கள். பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேற்றிவ் கொலைற்றிஸ் ஒன்று. 1859இல் இலண்டனில் சாமுவேல் வில்க்ஸ் என்ற மருத்துவர் இதனைப் பற்றி எழுதினார். வாய்முதல் மலவாசல்வரை எங்கும் தோன்றக்கூடிய குரோன்ஸ் நோய் மற்றது. 1932இல் நியூயோர்க்கில் குரோன் என்பவரும் அவருடன் இரு மருத்துவர்களும் அதனை விவரித்தார்கள். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி தன் குடலையே பகையென்று எண்ணித் தாக்குகிறது. பரம்பரை, குடலில் வாழும் நுண்கிருமிகள், சூழல் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள். இது தொற்றுநோயல்ல. எவருடைய பாவத்துக்கும் தண்டனையுமல்ல. இதை இன்றைக்கும் எழுதவேண்டியிருக்கிறது.

இது மேல்நாட்டார் நோய், எங்களுக்கு ஏது என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். கொழும்பு, கம்பகா மாவட்டங்களில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தோரைக் கொண்டு எடுத்த கணக்கொன்று 2010இல் வெளியாயிற்று. 1 இலட்சம் பேருக்கு 5.3 பேர் கொலைற்றிஸ் நோயாளர், 1.2 பேர் குரோன்ஸ் நோயாளர். பின்னர் இலங்கையும் சேர்ந்த எட்டு ஆசிய நாடுகளிலும் பிரதேசங்களிலும் செய்த ஆய்வில், ஓர் ஆண்டில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டோர் 1 இலட்சத்துக்கு 1.37 பேர், அதே ஆய்வில் அவுஸ்திரேலியாவில் 23.67 பேர். நம்மிடையே சிறு தொகைதான். சிறு தொகையாக இருப்பதும் ஒரு துன்பமே. நீரிழிவு என்றால் சந்தியில் நிற்கும் முச்சக்கர வண்டிக்காரரும் என்ன சாப்பிடலாம் என்று சொல்வார். இந்த நோயின் பெயரையோ வீட்டார் வாயால் சொல்லவே இரண்டு மாதம் செல்கிறது.

இனி, உண்பது எங்கே போகிறது என்ற விடயம். இந்நோயாளர் மெலிவதற்குக் காரணம் ஒன்றல்ல. சாப்பிட்டால் நோகும் என்ற பயத்தினால் உணவு குறைகிறது. உள்ளே போனதையும் புண்பட்ட சிறுகுடல் முழுதாக உறிஞ்சுவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி பழுதுபட்டால், அல்லது சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்டால், விற்றமின் பி12 உடலில் சேர்வதில்லை. குடற்புண்ணிலிருந்து இரத்தமும் புரதமும் கசிந்து போகின்றன. இரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. காய்ச்சலும் அழற்சியும் உடலின் தேவையைக் கூட்டிவிடுகின்றன. மருந்துகளுக்கும் இதில் பங்குண்டு: ஸ்டீரொயிட் மாத்திரைகளை நெடுநாள் எடுத்தால் எலும்பு நலிகிறது, தசை கரைகிறது. ஆக, வரவு குறைகிறது, செலவு கூடுகிறது, பெட்டியிலும் ஓட்டை.

அந்த ஸ்டீரொயிட் மாத்திரை இன்னொன்றும் செய்கிறது. முகத்தை உருண்டையாக ஊதச் செய்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அப்பிள்ளையைக் கண்டு, “இப்ப நல்லாத் தேறிட்டாய்” என்று கன்னத்தைத் தட்டியவர்கள் எத்தனை பேர்! கன்னம் உப்பியிருக்கையில் தொடையிலும் கையிலும் தசை வற்றிக்கொண்டிருந்தது. உடல் பருத்தவர்களும் இந்நோயில் சத்துக் குறைந்தவர்களாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். தராசு மாத்திரம் போதாது, இரத்தத்தையும் கைப்பிடியின் பலத்தையும் பார்க்கவேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு இந்நோய் வந்தால் வளர்ச்சியே தடைப்படும். வகுப்பில் முன்வரிசையில் நிற்கும் சிறிய பிள்ளையைக் கேலிசெய்யுமுன் ஆசிரியர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

ஐரோப்பாவிலுள்ள மருத்துவப் போசாக்குச் சங்கத்தின் வழிகாட்டியின்படி, நோய் தீவிரமாக இருக்கும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். நோய் தணிந்திருக்கும்போது ஏறக்குறைய 1 கிராம் போதும். அதாவது 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, நோய்க் காலத்தில் 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் உண்டு. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். கஞ்சித்தண்ணீரிலும் ரஸ்க்கிலும் இந்தக் கணக்கை எட்டுவது எப்படி? சுகமாயிருக்கும் தம்பிக்குக் கிடைத்ததைவிடச் சுகமில்லாத அக்காவுக்கு அதிகம் தேவைப்பட்ட வேளையில்தான், கிடைத்ததெல்லாம் பறிக்கப்பட்டது. அந்த வழிகாட்டி எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பத்தியத்தையும் விதிக்கவில்லை. ஒருவருக்கு ஒத்தது மற்றவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆளைப் பார்த்து, குடலின் எப்பகுதி பழுது என்று பார்த்து, போசாக்கு அறிந்தவரே அளந்து சொல்லவேண்டும்.

பத்தியத்தை நான் இகழவில்லை. பிள்ளை பெற்ற தாய்க்கு நம் வீடுகளில் அரைத்துக் கொடுக்கும் சரக்குக்கறியும் பத்தியம்தானே. அதில் மீனும் உண்டு, உள்ளியும் உண்டு, அன்பும் உண்டு. முன்னோர் பத்தியத்துக்கு நாள் குறித்தார்கள். இத்தனை நாள் மருந்து, இத்தனை நாள் மறுபத்தியம், பிறகு முழுகிச் சாதாரணச் சாப்பாடு என்று ஒரு முடிவு இருந்தது. அவர்கள் கையாண்டது சில நாள் நோய்களுக்கு. ஆயுள் முழுதும் ஏறியும் இறங்கியும் கூடவரும் ஒரு நோய்க்கு, முடிவுநாள் இல்லாத பத்தியத்தை வைத்தால் அதற்கு வேறு பெயர்.

இப்பொழுது தொடக்கத்தில் சொன்ன பாடத்துக்கு வருவோம். அந்த வீட்டாரின் அறியாமை எந்த வகை? முதல் ஆறு மாதம் நோய் இன்னதென்றே தெரியாதபோது, அது நீக்கமுடியாத அறியாமை; எவரையும் குறைசொல்வதற்கில்லை. அதற்குப் பிறகு? ஒரு கிளினிக்கில் டொக்டர் வேறு மொழியில் விரைவாகச் சொல்லியிருக்கிறார். தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். பின்னால் நாற்பது பேர் வரிசையில். இதில் தாயின் பங்கு எவ்வளவு, தமிழில் ஒரு தாளும் எழுதிக் கொடுக்காத ஏற்பாட்டின் பங்கு எவ்வளவு என்று அளந்துபார்க்க நான் துணியமாட்டேன். ஆனால் பெரியம்மாவும், பக்கத்து வீட்டாரும், நானும் வேறு நிலையில் நின்றோம். எங்களுக்கு வெட்கமுமில்லை, வரிசையுமில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னது எங்கள் பிழை; அன்பு அதைக் குறைக்குமே தவிர அழிக்காது. நோயாளி வீட்டு வாசலில் ஆளுக்கொரு ஆலோசனையை வைத்துவிட்டுப் போவதை நாம் பிறரன்புச் செயல் என்றே எண்ணிவந்திருக்கிறோம். எனக்கு இப்பொழுது அதில் ஐயம்.

நோயாளியின் பொறுப்பு என்ன? உண்ண மறுப்பது பாவமா என்று அவளே என்னிடம் கேட்டாள். நோவுக்குப் பயந்து கை பின்வாங்குவது மறுப்பு ஆகாது. அடிபட்ட பிள்ளை கையை இழுத்துக்கொள்வது போன்றது அது. ஆயினும் உயிரையும் உடலையும் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளும் கடமை நமக்குண்டு என்பதைத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957இல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் எடுத்துச்சொன்னார். 2004இல் திருத்தந்தை 2ஆம் அருளப்பர் சின்னப்பர், நினைவிழந்து கிடக்கும் நோயாளருக்கு உணவும் நீரும் கொடுப்பதும் அந்தச் சாதாரண வழிகளில் அடங்கும் என்றார். இப்போதனைகளை நாம் எப்போதும் மரணப்படுக்கைக்கே வைத்திருக்கிறோம். குழாய் போடுவதா, எடுப்பதா என்று கருத்தரங்கு வைக்கிறோம். தினசரி மூன்று வேளையும் மேசையில் எழும் கேள்விக்கு ஒரு பிரசங்கமும் இல்லை.

ஒருசந்தியைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி, 18 வயது நிறைந்தவர்களை 60ஆம் வயது தொடங்கும்வரை கட்டுப்படுத்தும். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களை. நோயாளரை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. ஐயமிருந்தால் பங்குக்குருவே விலக்களிக்கலாம். நற்கருணைக்கு முன் ஒரு மணிநேரம் உண்ணாதிருக்கும் ஒழுங்கும் நோயாளருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் இல்லை. அடிக்கடி சிறிது சிறிதாக உண்ணவேண்டியவர்கள் பூசைக்கு முந்திச் சாப்பிட்டுவிட்டே வரலாம். நான் அன்று ஆலய வாசலில் சொல்லியிருக்கவேண்டியது இவ்வளவே: “நீ பிடிக்கக்கூடாது, பிள்ளை, டொக்டர் சொன்னபடி சாப்பிடுவதே உனக்குத் தவம்.” அரை நிமிடம் போதும்.

புனிதர்கள் உணவை ஒறுத்தார்களே என்று சிலர் கேட்பார்கள். லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் கடுமையாக உபவாசமிருந்தார். அதனால் வயிறு கெட்டு வாழ்நாளெல்லாம் அவதிப்பட்டார். அந்த அனுபவத்தோடுதான் 1548இல், மிதமிஞ்சித் தவம் செய்துவந்த பிரான்சிஸ் போர்ஜியாவுக்குக் கடிதம் எழுதி, வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் உடலைப் பலப்படுத்தும்படி அறிவுரை கூறினார். தவத்தின் ஆசிரியராகிய அவர் சொன்னது நமக்குப் போதாதா?

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடித்தால் அது வெள்ளவத்தை மாடிவீட்டாருக்கு மாத்திரம் எழுதிய கட்டுரையாகிவிடும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. அன்று ஏறியவற்றுள் பல முன்னைய நிலைக்கு இறங்கவில்லை. முட்டையும் மீனும் பத்தியத்தால் மட்டுமன்றி விலையாலும் கோப்பையிலிருந்து போயின. சில வீடுகளில், ‘சூடு’, ‘கிரந்தி’ என்ற சொற்கள் இல்லாமையை மறைக்கும் போர்வையாகவும் இருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் 1973 முதல் திரிபோஷ கொடுத்த நாடு இது; நல்ல காரியம். இருபத்திரண்டு வயதில் குடல் பழுதுபட்டவளை அந்தப் பட்டியலில் காணமுடியாது. நம் வின்சென்ட் டி போல் சபையார் அரிசியும் பருப்பும் மாவும் பொதிசெய்து கொண்டுபோகிறார்கள். பொதியைக் கொடுக்குமுன், அந்த வீட்டு நோயாளிக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று கேட்டு, மாவுக்குப் பதில் முட்டையாகக் கொடுத்தால் எந்த ஒழுங்கும் கெட்டுவிடாது.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். யாயீரின் மகளை எழுப்பிய புதுமையை எல்லாரும் அறிவோம். போகும் வழியில், பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்தி, வைத்தியர்களிடம் கைப்பொருளெல்லாம் செலவழித்த பெண் குணமடைந்ததையும் அறிவோம். இரண்டும் ஒரே அதிகாரத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. பிரசங்கத்தில் நாம் சிறுமி எழுந்து நடந்ததோடு நிறுத்திவிடுகிறோம். நற்செய்தியாளர் நிறுத்தவில்லை. எல்லாரும் மலைத்து நிற்கையில், பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி ஆண்டவர் சொன்னார் என்று எழுதி, அதோடுதான் அதிகாரத்தை முடிக்கிறார். சாவிலிருந்து எழுந்த பிள்ளைக்குப் பசிக்கும் என்ற நினைவு அந்த அறையில் அவர் ஒருவருக்கே இருந்திருக்கிறது.

ஒரு சிறு விடயம். சிலருக்கு இங்கு எழுதத் தகாததாகத் தோன்றலாம். இந்நோயாளர் பலர் சனிக்கிழமை இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள், ஞாயிறு பூசையில் நடுவில் எழுந்து ஓடவேண்டி வருமோ என்று. மடுவுக்குப் பஸ் வைத்தால் முதல்நாளே பட்டினி. காரணம் கழிவறை. நமது ஆலயங்கள் சிலவற்றில் கழிவறை பூட்டிக் கிடக்கும், திறப்பு கோயில் பராமரிப்பாளரிடம், அவர் பீடத்தருகே. பத்துப் பேருக்கு முன்னால் போய்க் கேட்க ஓர் இளம்பெண்ணால் முடியுமா? ஒரு ஆணியில் திறப்பைத் தொங்கவிடச் செலவில்லை. பங்குச் சபைகள் இதைப் பேசட்டும்.

அந்த வீட்டுச் செய்தியைக் கேட்பீர்கள். தாய் அடுத்த கிளினிக்குக்கு, தமிழும் சிங்களமும் தெரிந்த மரியாயின் சேனைச் சகோதரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோனார்கள். போசாக்குப் பிரிவுக்கு அனுப்பி, எடை பார்த்து, இரத்தம் பார்த்து, இரும்புச்சத்தை ஊசிமூலம் ஏற்றினார்கள். மாத்திரை அவளுக்கு ஒத்துவரவில்லை. மீனும் முட்டையும் திரும்பி வந்திருக்கின்றன, ஒவ்வொன்றாக, சிறிய அளவில். கீரை இன்னும் வரவில்லை. நோய் போய்விடவில்லை, போகுமென்று எவரும் சொல்லவுமில்லை. பெரியம்மாவுக்கு இன்னமும் கொஞ்சம் கோபம். ஆனாலும் பால் விடயத்தில் அவர் சொன்னது பாதி சரியென்று தெரியவந்திருக்கிறது: பால் அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்வதில்லை, தயிர் ஒத்துக்கொள்கிறது. இப்பொழுது சனிக்கிழமைதோறும் வெள்ளவத்தையிலிருந்து ஒரு சட்டி தயிர் கொட்டாஞ்சேனைக்கு வருகிறது.